அக்கா மகளுக்கு ரெட் நோய்க்குறி: கர்ப்பத்தில் நடந்த ஏதோ ஒன்றுதான் காரணமா?

#1 திருவாரூர்_மாமன்

அனைவருக்கும் வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகளுக்கு இரண்டே கால் வயது. பத்து மாதத்தில் தவழ்ந்தாள். ஒரு வயதில் "மாமா" என்று கூப்பிட்டாள். தட்டில் பொரியைக் கொட்டினால் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. ஒன்றரை வயது ஆகும்போது அது நின்றுபோனது. தட்டைப் பார்ப்பாள், ஆசையாகப் பார்ப்பாள், கை மட்டும் நீளாது. அப்புறம் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்துப் பிசைய ஆரம்பித்தாள். துணிக்குச் சோப்புப் போடுகிற மாதிரி, விழித்திருக்கும் நேரமெல்லாம். "மாமா" என்ற சொல்லும் போய்விட்டது.

முதலில் காட்டிய இடத்தில், போன் கொடுக்காதீர்கள், தானாகப் பேசும் என்று அனுப்பிவிட்டார்கள். அதில் ஏழு மாதம் போனது. இப்போது மரபணுப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது, மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ரெட் நோய்க்குறி என்கிறார்கள்: எம்.இ.சி.பி.2 மரபணுவில் ஆர்168எக்ஸ் பிறழ்வு. பெற்றோர் இருவருக்கும் அது இல்லை, குழந்தையில் புதிதாக ஏற்பட்டது என்று எழுதியிருக்கிறது.

மருத்துவர் பேசும்போது "இது எபிஜெனெடிக்ஸ் சம்பந்தப்பட்டது" என்று சொன்னார். அந்த ஒரு சொல்தான் வீட்டில் நெருப்பைப் பற்றவைத்தது. மச்சான் இணையத்தில் தேடினால், எபிஜெனெடிக்ஸ் என்பது தாயின் சாப்பாடும் மனநிலையும் குழந்தையின் ஜீனை மாற்றுவது என்று வருகிறது. அக்காவின் மாமியார் ஏற்கெனவே, கிரகணத்தன்று வெளியே வந்தாள், ஆறாம் மாதத்தில் அப்பா இறந்தபோது அழுதுகொண்டே இருந்தாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது "பாரு, அறிவியலும் அதைத்தான் சொல்லுது" என்கிறார். அக்கா சரியாகச் சாப்பிட்டு மூன்று வாரம் ஆகிறது.

விஷயம் தெரிந்தவர்கள் நேராகச் சொல்லுங்கள். எங்கள் அப்பா செத்ததற்கு அக்கா அழுததுதான் இந்தக் குழந்தையை இப்படி ஆக்கியதா?

#2 கருவிழி

இல்லை. முதலில் இதை அக்காவிடம் படித்துக் காட்டுங்கள், மீதியை அப்புறம் பார்க்கலாம். அழுகையோ, கிரகணமோ, சாப்பாடோ, மனக்கவலையோ ஆர்168எக்ஸ் பிறழ்வை உண்டாக்காது.

நான் நரம்பணுக்களில் மெத்தில் குறிகளைப் பற்றி ஆய்வு செய்கிறவள். மருத்துவர் சொன்னதில் தவறில்லை, ஆனால் அந்தச் சொல்லை அவிழ்த்துச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஒரு கடைத்தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் அதே தெரு, அதே இருபதாயிரம் கடைகள். கல்லீரல் செல்லும் மூளைச் செல்லும் வேறுபடுவது எந்தக் கடை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, எதற்குப் பாதி ஷட்டர் இறக்கியிருக்கிறது என்பதில்தான். டி.என்.ஏ.வின் எழுத்தை மாற்றாமல் இந்தத் திறப்பையும் மூடலையும் நடத்துகிற ஏற்பாடுதான் எபிஜெனெடிக்ஸ். அதில் ஒரு முக்கியமான வழி, டி.என்.ஏ.வின் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளில் சி எழுத்தின் மேல் மெத்தில் என்ற சின்ன ரசாயனக் குறியை ஒட்டுவது. ஷட்டரில் சுண்ணாம்பால் கோடு போட்ட மாதிரி.

கோடு தானாக எந்த ஷட்டரையும் இறக்காது. அதைப் படிக்க ஆள் வேண்டும். எம்.இ.சி.பி.2 மரபணு தயாரிக்கும் மெக்பி2 என்ற புரதம்தான் அந்த ஆள். அதன் ஒரு கை மெத்தில் குறியைப் பிடித்துக்கொள்ளும், இன்னொரு கை ஷட்டரை இறக்குகிற புரதக் கூட்டத்தைப் பிடித்து இழுத்துவரும். எடின்பரோவில் ஏட்ரியன் பேர்டின் குழு 1992இல் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தது. அது ரெட் நோயோடு சம்பந்தப்பட்டது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

உங்கள் மருமகளுக்கு நடந்தது, அந்த ஆளைத் தயாரிக்கும் மரபணுவில் ஓர் எழுத்து மாறியது. அவளுடைய நோயின் காரணம் ஜெனெடிக், அதாவது எழுத்துப் பிழை. அந்தப் பிழையால் கெட்டுப்போன வேலைதான் எபிஜெனெடிக். மருத்துவர் சொன்னது இரண்டாவதை, உங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டது வேறு ஒன்றை.

#3 நிலாவின்அம்மா

தம்பி, என் மகளுக்குப் பதினேழு வயசு. அவளுக்கும் ரெட்தான். நான் கோயம்புத்தூர்.

எனக்கும் இதே பேச்சு நடந்தது. என் விஷயத்தில் சொன்னது, ஏழாம் மாசத்தில் மாடி ஏறினேன் என்று. அவளுக்கு ஒன்பது வயசு ஆகிற வரைக்கும் நோய்க்குப் பேரே தெரியாது, அந்த ஒன்பது வருஷமும் அந்தப் பழியைச் சுமந்தேன். மருத்துவ விவரமெல்லாம் மற்றவர்கள் சொல்லட்டும். நான் ஒன்று மட்டும் கேட்கிறேன்: உங்க அக்காவை யாராவது உட்கார வைத்து ஊட்டிவிடுகிறார்களா? குழந்தைக்கு ஊட்டவே ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்தக் களைப்போடு இந்தப் பேச்சையும் கேட்டுக்கொண்டு அவளால் நிற்க முடியாது. நீங்க தாய்மாமன், உங்க வார்த்தைக்கு அந்த வீட்டில் மதிப்பு இருக்கும். போய் உட்கார்ந்து பேசுங்க.

#4 நல்லூர்_வாத்தியார்

நான் யாழ்ப்பாணத்தில ஏ.எல். உயிரியல் படிப்பிக்கிறன். கருவிழி, இரண்டு விசயம் கேக்கவேணும்.

ஒண்டு, ஆர்168எக்ஸ் எண்டால் புரதத்தில 168ஆம் இடத்தில ஆர்ஜினின் எண்ட அமினோ அமிலம் வரவேண்டியது நிறுத்தற் குறியா மாறிப்போச்சு. ஒரேயொரு எழுத்தால அது நடக்கவேணுமெண்டால் சி.ஜி.ஏ. எண்டது டி.ஜி.ஏ. ஆகியிருக்கவேணும். சியை அடுத்து ஜி இருக்கிற இடம். மெத்தில் குறி வழக்கமா ஒட்டுற இடமும் அதுதானே? இது தற்செயலோ?

மற்றது, பிள்ளை பிறக்கேக்கையே இந்தப் பிறழ்வு இருக்குதெண்டால் ஒரு வருசம் ஏன் ஒண்டும் தெரியேல்லை? என்ர மாணவர்கள் கேட்டால் எனக்குச் சொல்ல மறுமொழி இல்லை.

#5 கருவிழி

மாஸ்டர், இரண்டுமே இந்தத் துறையின் நடு நரம்பைத் தொடுகிற கேள்விகள்.

தற்செயல் இல்லை. மெத்தில் ஒட்டாத ஒரு சி, உடம்பில் உள்ள தண்ணீரோடு வினைபுரிந்து தன் அமீன் தொகுதியை இழந்தால் யுராசில் ஆகும். யுராசில் டி.என்.ஏ.வில் இருக்கக் கூடாத எழுத்து. பழுதுபார்க்கும் நொதிகள் உடனே கண்டுபிடித்து வெட்டி எறிந்துவிடும். மெத்தில் ஒட்டிய சி அதே விதமாகச் சிதைந்தால் டி ஆகிவிடும். டி என்பது முறையான எழுத்து, ஆகவே அந்தப் பிழை தப்பிவிட வாய்ப்பு அதிகம். விந்தணுக்களை உண்டாக்கும் செல்களில் டி.என்.ஏ. நிறைய மெத்தில் குறிகளோடு இருக்கும், அவை வாழ்நாள் முழுக்கப் பிரிந்துகொண்டும் இருக்கும். ரெட் நோயில் திரும்பத் திரும்பக் காணப்படும் எட்டுப் பிறழ்வுகளும் இப்படிச் சி டி ஆனவைதான். அப்படிப் புதிதாக வருகிற பிறழ்வுகள் மிகப் பெரும்பாலும் தந்தையின் விந்தணுவில் வருகின்றன.

அதாவது எந்தக் குறியைப் படிக்க மெக்பி2 இருக்கிறதோ, அதே குறி மெக்பி2இன் மரபணு மேல் ஒட்டியிருந்ததால்தான் அந்த எழுத்து உடைந்தது. பல வருடம் ஆகியும் இதை நினைக்கும்போது எனக்கு ஒரு நிமிடம் கை ஓய்ந்துவிடும்.

உடனே பழியைத் தூக்கி மச்சான் தலையில் வைத்துவிடாதீர்கள். நம் ஒவ்வொருவரிலும் பெற்றோரிடம் இல்லாத அறுபது எழுபது புதுப் பிறழ்வுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாத இடத்தில் விழுகின்றன. இது விழக் கூடாத இடத்தில் விழுந்துவிட்டது. குழந்தை கருவாவதற்கு முன்பே அது முடிந்துபோன சம்பவம். ஆறாம் மாத அழுகைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இருக்க வழியில்லை.

அடுத்தது, ஒரு வருடம் ஏன் தெரியவில்லை என்பது.

கருவில் மூளை உருவாகும்போது நரம்பணுக்கள் பிறக்கின்றன, நகர்கின்றன, தங்கள் இடத்தில் அமர்கின்றன. இதற்கெல்லாம் வேறு பல எபிஜெனெடிக் புரதங்கள் பொறுப்பு. மெக்பி2 இல்லாமலும் இந்தக் கட்டம் பெருமளவுக்கு நடந்துவிடும். பிறந்த பிறகு நரம்பணுக்களுக்குள் இன்னொரு வேலை தொடங்குகிறது. வழக்கமாக மெத்தில் குறி சி-ஜி இடங்களில்தான் இருக்கும். நரம்பணுக்களிலோ சியை அடுத்து ஏ போன்ற வேறு எழுத்து வரும் இடங்களிலும் புதிதாகக் குறிகள் விழ ஆரம்பிக்கின்றன. மனித மூளையின் முன்பகுதியில் முதல் இரண்டு வயதுக்குள் இவை வேகமாகக் கூடுகின்றன, பிறகு வளரிளம் பருவம் முடியும்வரை மெதுவாக. நரம்பிணைப்புகள் பெருகும் அதே காலம். 2013இல் வந்த ஓர் ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. மெக்பி2 இந்தப் புதுக் குறிகளையும் பிடித்துக்கொள்கிறது. முதிர்ந்த நரம்பணு ஒன்றின் உட்கருவுக்குள் ஏறக்குறைய 1.6 கோடி மெக்பி2 மூலக்கூறுகள் இருப்பதாக எலிகளில் கணக்கிட்டிருக்கிறார்கள்.

குறிகள் குறைவாக இருக்கும்வரை படிக்க ஆள் இல்லாதது பெரிதாகத் தெரியாது. குறிகள் நிறையும்போதுதான் தெரியும். ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் நடுவே குழந்தை பின்வாங்குவதற்கு இன்று எங்களிடம் உள்ள நல்ல விளக்கம் இதுதான். ஷட்டர்கள் முழுசாகத் திறந்துவிடுவதும் இல்லை. ஆயிரக்கணக்கான மரபணுக்களில் கொஞ்சம் கூடுகிறது, கொஞ்சம் குறைகிறது. எல்லாம் சேர்ந்து நரம்பணு சிறுத்து, கிளைகள் குட்டையாகி நிற்கிறது.

அந்த நரம்பணுக்கள் சாகவில்லை. இதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள், பின்னால் தேவைப்படும்.

#6 வேர்த்தேடி

மாமன் அவர்களின் அக்காவைக் குறைசொல்ல இங்கே வரவில்லை. இந்தக் குழந்தைக்கு எழுத்துப் பிழைதான் காரணம் என்பதை ஏற்கிறேன். ஆனால் இழையைப் படிக்கிறவர்கள், தாயின் நிலை கருவின் மூளையைத் தொடவே தொடாது என்று நினைத்துக்கொண்டு போய்விடக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை உணவுப் போக்குவரத்தை முடக்கியதால் மேற்கு நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. அப்போது கருவானவர்களை அறுபது வருடம் கழித்துச் சோதித்தார்கள். ஒரு மரபணுவில் மெத்தில் குறி அவர்களுடைய உடன்பிறப்புகளைவிடக் குறைவாக இருந்தது. பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களில் மனச்சிதைவு நோய் சுமார் இரண்டு மடங்கு. மான்ட்ரியலில் எலிகளை வைத்துச் செய்த 2004 ஆய்வும் இருக்கிறது. குட்டிகளை நிறைய நக்கிக்கொடுத்த தாயிடம் வளர்ந்த குட்டிகளின் மூளையில், மன அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் குறிகள் மாறியிருந்தன. அவை பெரிதானபோது பதற்றமும் குறைவு.

நம் பெரியவர்கள் கர்ப்பிணியைச் சந்தோஷமாக வைத்துக்கொள் என்று சொன்னதற்கும் இதற்கும் தூரமில்லை. அபிமன்யு கதையை நான் அறிவியல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதில் ஒரு கவனிப்பு இருக்கிறது. என் மனைவி கர்ப்பமாக இருந்தபோது கர்ப்பிணிகளுக்கான ஒரு வகுப்புக்குப் போனார், அமைதியாக இருந்தார், பிள்ளை நன்றாக இருக்கிறான்.

#7 கருவிழி

வேர்த்தேடி, நீங்கள் சொன்ன இரண்டு ஆய்வுகளும் உண்மையானவை. மரியாதையோடு அவற்றின் எல்லையைச் சொல்கிறேன்.

நெதர்லாந்தில் நடந்தது மனக்கவலை அல்ல, பட்டினி. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே. 2008இல் வந்த அந்த ஆய்வில் அறுபது பேர். ஐ.ஜி.எஃப்.2 மரபணுவில் கண்ட வித்தியாசம் சுமார் ஐந்து விழுக்காடு, அதுவும் ரத்தத்தில் அளந்தது. மனச்சிதைவு கூடியதும் உண்மை, ரத்தத்தில் குறி குறைந்ததும் உண்மை, ஆனால் இரண்டாவதுதான் முதலாவதற்குக் காரணம் என்று யாரும் நிறுவவில்லை. ஊர் முழுக்கப் பட்டினி கிடந்தபோது கருவான பிள்ளைகளிலும் மிகப் பெரும்பாலோர் அந்த நோய் இல்லாமல்தான் வளர்ந்தார்கள்.

எலி ஆய்வில் நக்கிக்கொடுத்தது பிறந்த பிறகு, முதல் வாரத்தில். கர்ப்பத்தில் அல்ல. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதியே வேறு. குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்த குட்டியை நிறைய நக்கும் தாயிடம் விட்டால், அது வளர்த்தவளின் வழியில் போனது. அதாவது பிறகு கிடைக்கும் அரவணைப்புக்கு இடம் இருக்கிறது.

கர்ப்பிணியைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். அவள் மனுஷி, அவளுக்கு அது வேண்டும், அதற்கு எபிஜெனெடிக்ஸ் சாட்சி சொல்லத் தேவையில்லை. என் கோபம் அடுத்த படியின் மேல். "தாயின் மனம் ஜீனை மாற்றும்" என்று எழுதிவிட்டால், பிள்ளைக்கு எது வந்தாலும் தாயின் மனம்தான் காரணம் என்று தலைகீழாகவும் படிக்கப்படும். திருவாரூரில் ஒரு வீட்டில் இன்று அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. அப்பாவைப் பறிகொடுத்த பெண் அழக் கூடாது என்று எந்த எலியும் சொல்லவில்லை.

#8 மரு.பாரி

குழந்தை நரம்பியல் மருத்துவர். இரண்டு பகுதியாக எழுதுகிறேன்.

கர்ப்பத்தில் கவனிக்க வேண்டியது உண்மையிலேயே உண்டு, அதைப் பாட்டுக் கேட்பதிலும் மனநிலையிலும் தேடிக்கொண்டு இதை விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் உருண்டைகளின் மேலுள்ள அசிட்டைல் குறிகளை நீக்கும் நொதியை அது தடுக்கிறது. எபிஜெனெடிக் அமைப்பில் நேரடியாகக் கை வைக்கும் மருந்து என்றே சொல்லலாம். கர்ப்பத்தில் எடுத்தால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு, பத்தில் மூன்று நான்கு பேருக்கு வளர்ச்சித் தாமதம் வரலாம். இளம்பெண்களுக்கு இதை எழுதும்போது கருத்தடை பற்றியும் மாற்று மருந்து பற்றியும் பேசியே ஆக வேண்டும். படிக்கும் யாராவது இதை எடுத்துக்கொண்டிருந்தால் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வரும் வலிப்பு உயிருக்கே ஆபத்து. உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்தது ஃபோலிக் அமிலம். கருவுற்ற 28 நாளுக்குள், மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக்குழாய் மூடிவிடும், அப்போது பல பெண்களுக்குக் கர்ப்பம் என்பதே உறுதியாகியிருக்காது. 1991இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு மன்றம் ஏழு நாடுகளில் நடத்திய சோதனையில், முன்பு ஒரு குழந்தை இந்தக் குறையோடு பிறந்த தாய்மார்களிடம், மறுபடி அது வருவது 72 விழுக்காடு குறைந்தது. ஆகவே கருத்தரிக்கத் திட்டமிடும்போதே, குறைந்தது ஒரு மாதம் முன்னால் தொடங்க வேண்டும். நான்காம் மாதத்தில் இரும்புச் சத்தோடு தரும் மாத்திரை ரத்தசோகைக்கு நல்லது, ஆனால் நரம்புக்குழாய் அதற்குள் மூடிவிட்டிருக்கும்.

மாமன், உங்கள் மருமகளுக்கு: ஒரு ஈ.சி.ஜி. எடுத்து, இதயத் துடிப்பில் கியூ.டி. என்ற இடைவெளி நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். அது நீண்டிருந்தால் சில சாதாரண மருந்துகளைக்கூடக் கொடுக்கக் கூடாது. விழித்திருக்கும்போது மூச்சைப் பிடிப்பது, வேகமாக மூச்சு வாங்குவது எல்லாம் இந்த நோயில் உண்டு. அதையும் வலிப்பையும் பிரித்தறிய வீடியோ எடுத்துக் காட்டுங்கள். முதுகெலும்பு வளைகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இயன்முறைப் பயிற்சியை இன்றே தொடங்குங்கள், நடக்கும் வாய்ப்பை விட்டுவிடாதீர்கள்.

அடுத்த குழந்தைக்கும் வருமா என்று அக்கா கேட்பார். பெற்றோர் ரத்தத்தில் பிறழ்வு இல்லையென்றால் வாய்ப்பு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. சுழி என்று சொல்ல முடியாது, ஏனென்றால் சில விந்தணுக்களிலோ முட்டைகளிலோ மட்டும் அது ஒளிந்திருக்கலாம். அடுத்த கர்ப்பத்தில் பரிசோதிக்க வழி இருக்கிறது.

#9 திருவாரூர்_மாமன்

டாக்டர், கருவிழி மேடம், அம்மா, மாஸ்டர், எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அக்காவிடம் ஐந்தாவது பதிவை வாசித்தேன். "கருவாவதற்கு முன்பே முடிந்துபோன சம்பவம்" என்ற வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். மூன்று தடவை.

இன்னும் சில கேள்விகள். வீட்டுக்கு வந்த ஒருவர், மெத்தில் குறைபாடு என்றால் மெத்தில் ஃபோலேட் பவுடர் கொடுத்தால் சரியாகும் என்று மாதம் ஆறாயிரம் ரூபாய்க்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மச்சான் வாங்கலாம் என்கிறார். வாங்கலாமா? எலிக்கு இந்த நோய் குணமாகிவிட்டது என்று ஒரு வீடியோவும் பார்த்தோம். உண்மையா? அப்புறம், பெண் குழந்தைகளுக்கே ஏன் வருகிறது?

#10 கருவிழி

பவுடர் வேண்டாம். அவளிடம் குறிகள் குறையவில்லை, படிக்கிற ஆள்தான் இல்லை. சுண்ணாம்புக் கோட்டை இன்னும் தடிமனாக்கி என்ன பயன்? இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். ரெட் குழந்தைகளுக்கு, மெத்தில் தரும் பொருள்களான ஃபோலேட்டும் பீட்டைனும் கொடுத்த அமெரிக்க ஆய்வு 2009இல் வெளிவந்தது, அளந்து சொல்லும்படியான பலன் கிடைக்கவில்லை. அந்த ஆறாயிரம் இயன்முறைப் பயிற்சிக்குப் போகட்டும்.

பெண்களுக்கு ஏன் என்றால், இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். கருவின் ஆரம்பத்திலேயே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றை அணைத்துவிடும். எதை அணைப்பது என்பது குலுக்கல் மாதிரி. மேரி லயன் 1961இல் சொன்னது இது. கறுப்பும் செம்பட்டையும் திட்டுத் திட்டாகக் கலந்த பூனையைத் தெருவில் பார்த்திருப்பீர்கள், அது அநேகமாகப் பெண் பூனை. ஒவ்வொரு திட்டிலும் ஓர் எக்ஸ் அணைந்திருக்கிறது. உங்கள் மருமகளின் மூளையும் அப்படித்தான். ஏறக்குறைய பாதி நரம்பணுக்களில் நல்ல மெக்பி2 இருக்கிறது, அதற்குப் பக்கத்துச் செல்லில் இல்லை. ஒரே பிறழ்வு இருந்தும் ஒருத்தி நடப்பதற்கும் இன்னொருத்தி நடக்காமல் போவதற்கும் இந்தக் குலுக்கல் ஒரு காரணம். ஆண் குழந்தைக்கு இருப்பது ஒரே எக்ஸ். அதில் இப்படிப்பட்ட பிறழ்வு விழுந்தால் பிறந்த சில மாதங்களிலேயே நிலைமை மிகக் கடுமையாகிவிடும். பத்தாயிரம் பெண் குழந்தைகளில் சுமார் ஒருவருக்கு ரெட் வருகிறது.

வியன்னாவில் ஆந்திரேயாஸ் ரெட் என்ற குழந்தை மருத்துவர் 1954இல் தன் காத்திருப்பு அறையில் இரண்டு சிறுமிகள் அவரவர் தாய் மடியில் ஒரே மாதிரி கை பிசைவதைப் பார்த்தார். அதுதான் ஆரம்பம். 1966இல் ஜெர்மன் மொழியில் எழுதினார், அதிகம் பேர் கவனிக்கவில்லை. சுவீடனின் பெங்ட் ஹாக்பெரி 1983இல் 35 சிறுமிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதே வருடம் ஹூஸ்டனில் ஒரு ரெட் சிறுமியைப் பார்த்த ஹுதா சோக்பி, பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர், 16 வருடம் தேடி 1999இல் தன் குழுவோடு மெக்பி2இல் பிறழ்வைக் கண்டுபிடித்தார். அவருடைய பேச்சுகளில் அந்தச் சிறுமியின் பிசையும் கைகளை அவர் விவரிப்பதைக் கேட்டிருக்கிறேன். உங்கள் பொரித் தட்டைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

எலி விஷயம் உண்மை. மெக்பி2 மரபணுவின் நடுவே ஒரு தடையை வைத்து எலிகளை வளர்த்தது பேர்டின் குழு. நோய் முற்றிய பிறகு ஒரு மருந்தால் அந்தத் தடையை நீக்கினார்கள். சாகக் கிடந்த எலிகள் எழுந்து நடந்தன, மூச்சு சீரானது. 2007இல் அது வெளியானபோது துறையே ஒரு கணம் அசையாமல் நின்றது. நரம்பணுக்கள் சாகவில்லை என்று முன்பு சொன்னேனே, இதற்குத்தான். குறிகள் அப்படியே காத்திருந்தன. படிக்கிற ஆள் வந்ததும் வேலை தொடங்கிவிட்டது.

ஆனால் அது மரபணுவை ஏற்கெனவே உள்ளே வைத்துப் பூட்டி, பிறகு திறந்த எலி. குழந்தைக்கு வெளியிலிருந்து மரபணுவைக் கொண்டுபோக வேண்டும், அளவு தப்பக் கூடாது. அந்த எலிகளிலேயே மரபணுவைச் சட்டென்று திறந்தபோது பல செத்துப்போயின, மெல்ல மெல்லத் திறந்தபோதுதான் பிழைத்தன. மெக்பி2 இரண்டு மடங்கானாலும் கடும் நோய்தான், அது பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வருகிறது. முழுதாக வளர்ந்துவிட்ட எலிகளில் இந்த மரபணுவை நீக்கியபோதும் ரெட் அறிகுறிகள் வந்தன. ஆகவே இது குழந்தைப் பருவத்தில் ஒருமுறை செய்துவிட்டுப் போகிற வேலையல்ல, ஆயுள் முழுக்கத் தேவை.

மனிதர்களில் மரபணுச் சிகிச்சைச் சோதனைகள் 2023இல் தொடங்கின. 2024 நவம்பரில் ஒரு சோதனையில் அதிக அளவு பெற்ற ஒருவர் இறந்தார், அந்த அளவைக் கைவிட்டார்கள். குறைந்த அளவில் சோதனைகள் தொடர்ந்தன. நம்பிக்கை வைக்கலாம். தேதி வைக்காதீர்கள்.

#11 நிலாவின்அம்மா

ரெட் நோய்க்கான ட்ரோஃபினடைடு மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தம்பி அடுத்து அதைத்தான் கேட்பார். 2023 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இரண்டு வயசுக்கு மேல். 187 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். கொஞ்சம் பலன் தெரிந்தது. பத்தில் எட்டுப் பேருக்கு வயிற்றுப்போக்கு. வருஷச் செலவு லட்சக்கணக்கான டாலர். அந்தச் செய்தி வந்த ராத்திரி நானும் என் வீட்டுக்காரரும் வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். அப்புறம் மூடி வைத்துவிட்டோம்.

என் மகளுக்குக் கை போனது, பேச்சு போனது. கண் போகலை. ரெட் பிள்ளைகளுடைய பார்வை மாதிரி நான் எங்கேயும் பார்த்ததில்லை. பன்னிரண்டு வயசில்தான் எனக்கு ஒரு பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார்: இரண்டு படத்தைக் காட்டுங்க, எதைப் பார்க்கிறாளோ அதுதான் பதில். முதல் நாள் காட்டினது அவளுடைய நீலப் பாவாடையும் சிவப்புச் சுடிதாரும். சுடிதாரைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் நான் அவளுக்குப் பாவாடையே போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷங்கள் எனக்குத் திரும்ப வராது. உங்க பாப்பாவுக்கு இரண்டே கால் வயசுதான். இந்த வாரமே ஆரம்பிங்க.

#12 வேர்த்தேடி

கருவிழி, எலி ஆய்வில் பிறந்த பிறகு என்ற இடத்தை நான் கவனிக்காமல் எழுதிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். தாயின் நீண்டகால மன அழுத்தம் கருவை ஓரளவாவது தொடும் என்பதில் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் அதை இந்த இழையில் சொல்லியிருக்கக் கூடாது. மாமன், உங்கள் அக்காவிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள்.

#13 நல்லூர்_வாத்தியார்

சி-ஜி கதையை இண்டைக்கு வகுப்பில சொன்னன். மணி அடிச்சும் பிள்ளையள் எழும்பேல்லை. கடைசி வாங்கில இருக்கிற ஒரு பிள்ளை, "சேர், அப்ப அந்த அம்மாவில பிழை இல்லைத்தானே?" எண்டு கேட்டவ. நான் அந்த அம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை. வீட்டில எங்கையோ கேட்டிருக்கிறா போல.

#14 திருவாரூர்_மாமன்

சனிக்கிழமை நேரில் போனேன். மாமியாரிடம் அரை மணி நேரம் பேசினேன். அவர் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ராத்திரி குழந்தைக்கு ஊட்டும் கிண்ணத்தை அக்கா கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ போய்ச் சாப்பிடு" என்றார்.

ஈ.சி.ஜி.க்குச் செவ்வாய்க்கிழமை போகிறோம். பவுடர் வாங்கவில்லை.

நிலாவின் அம்மா, ஞாயிறு காலையில் நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். ஒரு கையில் வாழைப்பழம், ஒரு கையில் பொரி. இரண்டையும் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கையை இறக்கிவிட்டேன். நான் எதைத் தப்பாகச் செய்தேன்?

#15 நிலாவின்அம்மா

தப்பெல்லாம் இல்லை. சீக்கிரம் இறக்கிவிட்டீங்க, அவ்வளவுதான். இந்தப் பிள்ளைகளுக்குக் கேட்டது புரிந்துவிடும், பதிலை உடம்பு வழியாக வெளியே கொண்டுவரத்தான் நேரம் எடுக்கும். இரண்டு கையையும் நல்லாத் தள்ளிப் பிடிங்க, ஒரு முழம் இடைவெளி இருக்கணும். உங்க முகத்தை நடுவில் வைக்காதீங்க, உங்களைப் பிடிக்கும் என்பதால் உங்களைத்தான் பார்ப்பாள். பின்னால் கறுப்புத் துணி ஏதாவது தொங்கவிடுங்க. கேட்டுவிட்டு மனசுக்குள் முப்பது வரைக்கும் மெதுவாக எண்ணுங்க. மறுபடி கேட்காதீங்க, கேட்டால் அவளுக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

எதைப் பார்த்தாள் என்று எழுதுங்க.

#16 திருவாரூர்_மாமன்

இருபத்து மூன்று வரைக்கும் எண்ணினேன். பொரி.